திக்கற்ற பிள்ளைகளும் திரைகடலும்

எண்ணூர் முகத்துவாரத்திலே, கொசஸ்தலையாறு கடலோடு கலக்குமிடத்தில், மாலை வேளையில் நிற்பவர் வடக்கே காமராசர் துறைமுகத்தை நோக்கி வரும் நிலக்கரிக் கப்பல்களைக் காண்பர். தெற்கே திருவொற்றியூர், இராயபுரம் ஊர்களுக்கு அப்பால் சென்னைத் துறைமுகத்திற்குரிய கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். இற்றை நாளில் இக்கப்பல்கள் சுமப்பன பெரும்பாலும் சரக்குகளே. ஆயின், இக்கரையினின்று மனிதரையே ஏற்றிச் சென்ற காலமும் ஒன்று இருந்தது. 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், 342 பேரைச் சுமந்துகொண்டு நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை அடைந்தது. அந்நாளில் சென்னைக்குக் கட்டப்பட்ட துறைமுகம் இல்லை. திறந்த கடலில் நின்ற கப்பலுக்கு மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டியே செல்ல வேண்டியிருந்தது.

அங்ஙனம் சென்றவர்களிடம் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அருகில் உறவினரேனும் ஊராரேனும் இருந்தனர். 'நான் இன்ன ஊரான், இன்னார் மகன்' என்று சொல்லும் அறிவும் இருந்தது. இவை ஒன்றுமின்றிப் பிறருடைய தீர்மானத்தினால் மட்டுமே கடல் கடந்தவர் வேறொரு கூட்டத்தார். அவர்களே 'அநாதைகள்' என்னும் பெயரால் புதுவாழ்வுக்கென்று அந்நிய தேசங்களுக்கு அனுப்பப்பட்ட சிறு பிள்ளைகள். அவர்களுடைய வரலாற்றையும், அதனால் நாம் அறியக்கூடிய உண்மையையும் இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

முதலில் சொல்லின் பொருளை ஆராய்வோம். 'அநாதை' என்பது வடசொல். நாதன் இல்லாதவன், அதாவது காப்பவன் இல்லாதவன் என்பது அதன் பொருள். பெற்றோர் இறந்தனர் என்ற பொருள் அச்சொல்லில் இல்லை. பழைய தமிழ் வழக்கிலே இத்தகையோரைத் 'திக்கற்ற பிள்ளைகள்' என்பர். திக்கு என்பது புகலிடத்தையும் குறிக்கும், திசையையும் குறிக்கும். தாய் உயிரோடிருந்தும் அவளுக்கு வருவாயில்லையெனில் பிள்ளை திக்கற்றதாகலாம். தந்தை உயிரோடிருந்தும் அவன் மகவென்று ஒப்புக்கொள்ளானாயின், அப்பிள்ளையும் திக்கற்றதேயாம். இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வாழ்வு இவ்வேறுபாட்டினாலேயே மாறிப்போயிற்று. 'காப்பாரில்லை' என்ற சொல் மெல்ல மெல்லப் 'பெற்றாரில்லை' என்று பொருள் கொள்ளப்பட்டது. பெற்றாரில்லை என்று எழுதிவிட்ட பின், பிள்ளையை எங்கு அனுப்பினாலும் கேட்பாரில்லை.

இதன் தொடக்கத்தை நம் சென்னையிலேயே காணலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் ஐரோப்பியப் போர்வீரர்க்கு இந்தியத் தாய்மாரிடம் பிறந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். அவர்களுள் அநாதைகளாயும் வறியராயும் இருந்த சிறுவர்க்கென 1789-இல் எழும்பூரில் ஓர் ஆண்பிள்ளைகள் ஆசிரமம் நிறுவப்பட்டது. பெண்பிள்ளைகட்கு அதற்கு 2 ஆண்டு முன்னரே ஓர் ஆசிரமம் ஏற்பட்டிருந்தது. ஆண்பிள்ளைகள் ஆசிரமத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அமைத்தார். 1797-இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வாயிலாக இது 'சென்னை முறை' என்று பெயர்பெற்று உலகின் பல பாகங்களிலும் பரவியது. கல்வி வரலாறு படிப்போர் இதனை அறிவர். அப்பள்ளியில் இருந்த பிள்ளைகளுட் பலர்க்குத் தாய் இருந்தாள் என்பதையோ பலர் நினைப்பதில்லை. தாயினுடைய பழக்கவழக்கத்தினின்று பிள்ளையைப் பிரித்தலே அதற்கு நன்மை என்பது அந்நாள் நிர்வாகிகளின் எண்ணம். அவள் கணக்கில் வரவில்லை. ஆதலின் பிள்ளை அநாதையாயிற்று.

வங்காளத்திலோ, இறந்த அதிகாரிகளின் பிள்ளைகளை மேற்கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. 1786-இல் கம்பெனியார், இந்தியத் தாய்மாருக்குப் பிறந்த பிள்ளைகள் அவ்வாறு செல்வதைத் தடுத்து உத்தரவிட்டனர். நிறம்பற்றியும் பதவிபற்றியும் எழுந்த அச்சமே அதற்குக் காரணமாம். பின்னர் 1850-களில் சென்னையிலிருந்து யூரேஷிய இளைஞர் சிலர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு அனுப்பப்பட்டு, ஹென்றி பார்க்ஸ் என்பார் நடத்திய 'எம்பயர்' பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் அச்சுக்கோக்கும் வேலையில் அமர்ந்தனர். ஒருகாலத்தில் போகாதே என்பதும் மற்றொருகாலத்தில் போ என்பதும் இளையோரைக் கேட்டுச் செய்யப்பட்டவையல்ல. அனுப்புவோருடைய வசதியே இரண்டிற்கும் அளவுகோலாக இருந்தது.

இவ்வழக்கத்தைப் பெரியதோர் ஏற்பாடாகவே நடத்திய தேசம் இங்கிலாந்து. 1618-ஆம் ஆண்டிலேயே இலண்டன் தெருக்களில் திரிந்த பிள்ளைகள் 100 பேர் அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டனர். 1869-இல் மரியா ரை என்னும் மாது பெண்பிள்ளைகளைக் கானடாவுக்கு அழைத்துச் சென்றார். அன்னி மக்பெர்சன் அம்மையாரும், அவருக்குப் பின் இலண்டனில் பெயர்பெற்ற பார்னார்டோவும், பல சபைகளின் தருமசாலைகளும் அவ்வழியே நடந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் கானடாவுக்கு மட்டும் 1,00,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் சென்றனர்.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மெய்யான காருண்யம். அந்நாளைய இலண்டன் சேரிகளின் பசியையும் நோயையும் கண்டவர், தூய காற்றும் வயல்வெளியும் உள்ள நாட்டில் பிள்ளை பிழைக்கும் என்று மனமார நம்பினர். இரண்டாவது, சிக்கனம். ஒரு பிள்ளையை ஆண்டுக்கணக்காக விடுதியில் வைத்துக் காப்பதைவிட ஒருமுறை கப்பற்கூலி கொடுப்பது மலிவு. மூன்றாவது, குடியேற்ற நாடுகளின் தேவை. அங்கே பண்ணைகளுக்கு ஆண்பிள்ளைகளும், வீட்டுவேலைக்குப் பெண்பிள்ளைகளும் வேண்டியிருந்தனர். வெள்ளை இனத்தாரின் தொகையைப் பெருக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. முதற் காரணத்தை அனைவரும் மேடையில் எடுத்துரைத்தனர். ஏனைய இரண்டும் கணக்குப் புத்தகத்தில் இருந்தன.

இப்பிள்ளைகளுள் பலருக்குத் தாயேனும் தந்தையேனும் உயிரோடிருந்தனர். நோய், வேலையின்மை, கணவனை இழத்தல் முதலிய இடையூறுகளால் ஒரு தாய், 'சில காலத்துக்கு' என்று தன் பிள்ளையை விடுதியிற் சேர்ப்பாள். நிலைமை திருந்தி மீண்டு வரும்போது பிள்ளை அங்கிராது. 1891-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பெற்றோர் தகுதியற்றவர் என்று கண்டால் அவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்க மறுக்கும் அதிகாரத்தை நியாயஸ்தலங்களுக்கு அளித்தது. பெற்றோரைக் கேளாமலே பிள்ளைகளை எடுத்துச் சென்றதைப் பார்னார்டோ மறைக்கவில்லை. அதனைத் தருமத்துக்காகச் செய்த செயலாகவே எண்ணினார்.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. 1874-இல் கானடாவுக்கு அனுப்பப்பட்ட ஆண்ட்ரூ டாயில் என்னும் அரசாங்கப் பரிசோதகர், மறுவருஷம் வெளிவந்த தம் அறிக்கையில், பிள்ளைகளை ஒருமுறை வீடுகளில் விட்டபின் அவர்களைப் பார்வையிடுவார் எவருமில்லை என்று குறை கூறினார். 50 ஆண்டுகளுக்குப் பின், 1924-இல், மார்கரெட் பாண்ட்ஃபீல்டு அம்மையார் தலைமையிற் சென்ற குழு, பள்ளிப்பருவம் கடவாத பிள்ளைகளைத் தனியே அனுப்புதல் தகாது என்றது. அதன்பின் கானடா 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரின்றி ஏற்பதை நிறுத்தியது. கதவொன்று அடைபட்டதும் கப்பல்கள் வேறு கதவை நாடின. மேற்கு ஆஸ்திரேலியாவின் பிஞ்சாராவில் 1912-இல் கிங்ஸ்லி ஃபேர்பிரிட்ஜ் தொடங்கிய பண்ணைப்பள்ளியும், அதனைப் பின்பற்றியவையும் பிள்ளைகளை ஏற்றன. இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பின்னும் இது நடந்து, 1970-ஐ ஒட்டியே முற்றும் நின்றது.

அங்கு சென்ற பிள்ளைகள் பின்னாளில் கூறியவற்றைக் கேட்போர் மனம் கலங்குவர். ஆரஞ்சுப் பழங்களை மரத்திலிருந்து பறித்து உண்ணலாம், குதிரையேறிப் பள்ளிக்குப் போகலாம் என்று ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டனர் பலர். துறவியர் நடத்திய பிண்டூன் என்னும் விடுதியிலோ சிறுவர்களே கல்லும் மண்ணும் சுமந்து கட்டிடங்களை எழுப்பினர். உன் தாய் இறந்துவிட்டாள் என்று உயிரோடுள்ள தாயைப்பற்றிச் சொல்லப்பட்டவர் உண்டு. உடன்பிறந்தார் வெவ்வேறு விடுதிகளுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர்.

1986-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்துச் சமூகத்தொண்டர் மார்கரெட் ஹம்ப்ரீஸ் அம்மையாருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மாது கடிதம் எழுதினார். சிறு வயதில் தம்மைக் கப்பலேற்றி அனுப்பினர் என்றும், தாம் யாரென அறிய உதவவேண்டும் என்றும் அதிற் கேட்டிருந்தார். சிறு பிள்ளைகள் துணையின்றிக் கடல் கடந்தனர் என்பதை முதலில் நம்பவியலாத ஹம்ப்ரீஸ், பிறப்புப் பதிவேடுகளைத் தேடத் தேட, இவ்வாறு பல்லாயிரவர் இருத்தலைக் கண்டறிந்தார். 1987-இல் அவர் நிறுவிய குடியேற்றப் பிள்ளைகள் அறநிலையம் பலரை அவர்தம் தாய்மாரிடம் சேர்த்தது. சிலரைத் தாயின் கல்லறையினிடத்தே சேர்க்க முடிந்தது. 2009 நவம்பர் 16-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010 பிப்ரவரி 24-இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரௌனும் தத்தம் அரசாங்கத்தின் பேரால் மன்னிப்புக் கேட்டனர். 2018-இல் பிரிட்டிஷ் விசாரணைக் குழு ஒன்றின் பரிந்துரைப்படி, உயிரோடிருந்த ஒவ்வொருவர்க்கும் 20,000 பவுன் வழங்க ஏற்பாடாயிற்று. ஆயினும் இழந்த பெயருக்கும் மொழிக்கும் தாய்முகத்துக்கும் பவுன் கணக்கில் ஈடு உண்டோ?

இஃது அயல்நாட்டுச் செய்தி என்று எண்ண வேண்டா. நம் தேசத்து மலைச்சாரலினின்றும் பிள்ளைகள் இவ்வாறு சென்றனர். ஸ்காத்லாந்து தேசத்து மிஷனரியான ஜான் ஆண்டர்சன் கிரஹாம் 1889-இல் வங்காளத்தின் கலிம்பாங் ஊருக்கு வந்தார். அஸ்ஸாம், டார்ஜீலிங் பகுதிகளிலிருந்த தேயிலைத் தோட்டத்து வெள்ளைத் துரைமார்க்கும் அவ்விடத்துப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் எவராலும் ஏற்கப்படாமல் வாடுவதைக் கண்டு, 1900-இல் 6 பிள்ளைகளோடு ஒரு விடுதியைத் தொடங்கினார். நற்கல்வியும், சிறு குடும்பம் போன்ற குடில்களும், தம் வேலையைத் தாமே செய்யும் பழக்கமும் அங்கே பிள்ளைகளுக்குக் கிடைத்தன. வளர்ந்தபின் இவர்களுக்கு இந்தியாவில் மதிப்பான வாழ்வு அமையாது என்று கருதிய கிரஹாம், அவர்களை நியூசீலாந்துக்கு அனுப்பத் தீர்மானித்தார். 1908-இல் முதலிருவர் சென்றனர். 1938-க்குள் 130 பேர் சென்றனர். ஆண்கள் பண்ணைகளிலும், பெண்கள் வீட்டுவேலையிலும் அமர்ந்தனர்.

இவர்களுள் எத்தனையோ பேருக்குத் தந்தை உயிரோடு தோட்டத்தில் இருந்தார். விடுதிக் கட்டணமும் செலுத்தினார். தாய் மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். விடுதியிற் சேர்ந்தபின் தாய்க்கும் பிள்ளைக்கும் தொடர்பிருக்க இடமில்லை. நியூசீலாந்திற் குடியேறியோர் பலர் தம் மக்களுக்கும் தம் பிறப்பைப்பற்றிப் பேசவில்லை. மூன்றாம் தலைமுறையிலேதான் பேரப்பிள்ளைகள் கேட்கத் தொடங்கினர். அவ்வாறு சென்ற ஒருவரின் பேர்த்தியாகிய ஜேன் மக்கேப் என்னும் வரலாற்றாசிரியர், விடுதியில் பேணப்பட்டிருந்த கடிதங்களையும் பதிவுகளையும் ஆராய்ந்து 2017-இல் ஒரு நூல் வெளியிட்டார். கிரஹாமின் நல்லெண்ணத்தை எவரும் ஐயுற இயலாது. அவர் கல்வி கொடுத்தார்; தொழில் கொடுத்தார். ஆனால் தாய்மாரின் பெயர் பல பதிவுகளில் இல்லை. அக்குறையைப் பேரர் காலத்திலும் எவராலும் நிரப்ப முடியவில்லை.

இனி நம் நகருக்கே மீள்வோம். சுதந்திரத்துக்குப் பின் கப்பலின் இடத்தை ஆகாயவிமானம் கொண்டது. பண்ணைவேலையின் இடத்தைத் தத்தெடுப்புக் கொண்டது. பிள்ளையை வேலைக்காக அல்லாமல் மகவாகவே ஏற்பது பெரிய வேறுபாடு என்பதை மறுக்கலாகாது. ஆயினும் சட்டம் அதற்கேற்ப வளரவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே சுவீகார உரிமை தந்தது. ஆகவே அந்நிய தேசத்தார் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி நியாயஸ்தலத்தில் விண்ணப்பித்து, பிள்ளைக்குப் பாதுகாவலராகி, அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று அங்கே தத்தெடுத்தனர். நீதிபதி கண்டது பெரும்பாலும் காகிதத்தை மட்டுமே.

1982-இல் லட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர், இம்முறையில் நேரும் தீங்குகளை விவரித்து உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றது. 1984 பிப்ரவரி 6-இல் நீதிபதி பகவதி வழங்கிய தீர்ப்பு இத்துறையில் அடிப்படையானது. பெற்றோரிடமே பிள்ளை வளர்வது முதல் நன்மை. இயலாவிடில் இந்தியாவிலேயே ஒரு குடும்பம். அதுவும் கிட்டாதபோதே அந்நிய தேசம் என்று அத்தீர்ப்பு வரிசை வகுத்தது. 1990-இல் மத்திய அரசு தத்தெடுப்புக்கென ஓர் ஆணையத்தை நிறுவியது. 1993-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது.

இத்தனை இருந்தும் 1990-களின் இறுதியில் வடசென்னையின் எளிய மக்கள் வாழும் தெருக்களிலிருந்து பிள்ளைகள் காணாமற்போயினர். 2005-இல் போலீஸார் ஒரு கூட்டத்தாரைப் பிடித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. திருடப்பட்ட பிள்ளைகள் விடுதிக்கு விற்கப்பட்டன. அவற்றுக்குப் புதுப்பெயர் இடப்பட்டது. தாயென்று சொல்லிக்கொண்ட வேறொருத்தியிடம் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையொப்பம் பெறப்பட்டது. பிறகு அப்பிள்ளைகளுள் சில முறையான உத்தரவோடு ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்றன. அவற்றை ஏற்ற பெற்றோரும் ஏமாற்றப்பட்டவரே. அநாதைப் பிள்ளைக்கு வாழ்வளிக்கிறோம் என்றே அவர் நம்பினர். இங்கே பெற்றவள் ஆண்டுக்கணக்காகப் போலீஸ் நிலைய வாயிலில் நின்றாள். பின்னர் மத்தியப் புலனாய்வுத் துறையினர் விசாரணையை ஏற்றனர். பிள்ளை அந்நிய மொழியில் வளர்ந்து, பெற்றவளோடு ஒரு வார்த்தை பேசவும் துபாஷி வேண்டும் நிலைமை வந்தபின், நியாயஸ்தலம் எதனை மீட்டுத் தர இயலும்?

ஒரு தாய்க்கு உயிருள்ள பிள்ளை, காகிதத்திலே அநாதையாகும் விதத்தை இதுவரை கூறியவற்றிலிருந்து தொகுத்துக் காணலாம். முதலில் வறுமை தாயைப் பேச்சற்றவளாக்குகிறது. அடுத்து விடுதிப் பதிவேட்டில் அவள் பெயர் விடுபடுகிறது அல்லது மாற்றப்படுகிறது. பின்னர் பிள்ளையின் பெயர் மாறுகிறது. இறுதியில் கடலின் தூரம் கேள்வியை அடக்கிவிடுகிறது. எழும்பூரிலும் இலண்டனிலும் கலிம்பாங்கிலும் வடசென்னையிலும் செய்தவர் எண்ணம் வேறு வேறு. சிலர் அருளாளர், சிலர் கள்வர். ஆயினும் வழி ஒன்றாகவே இருந்தது. அருளாளர் திறந்து வைத்த வழியிலேதான் கள்வரும் நடந்தனர் என்பது நாம் மறவாது உளங்கொள்ள வேண்டிய உண்மை.

இற்றைச் சட்டம் அவ்வழியை எங்ஙனம் அடைக்க முயல்கிறது என்பதையும் விளக்குதல் தகும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பெற்றோரும் பாதுகாவலரும் இல்லாத பிள்ளையை மட்டுமன்றி, பாதுகாவலர் காக்க விரும்பாத அல்லது காக்கவியலாத பிள்ளையையும் அநாதை என்ற சொல்லில் அடக்குகிறது. பழைய சொல்லின் விரிந்த பொருளே சட்டத்திலும் நிற்கிறது. ஆதலாலேயே காலமும் விசாரணையும் காவலாக வைக்கப்பட்டுள்ளன. பெற்றவள் தானே பிள்ளையை ஒப்படைத்தால், மனம் மாறி மீளப்பெற அவளுக்கு 2 மாத அவகாசம் உண்டு. கண்டெடுக்கப்பட்ட பிள்ளையாயின், பெற்றோரைத் தேடியபின், 2 வயது வரையுள்ளதை 2 மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதை 4 மாதத்துக்குள்ளும் தத்துக்குரியதெனக் குழந்தைகள் நலக் குழு அறிவிக்க வேண்டும். அவ்வறிவிப்புக்குப் பின் 60 நாள் வரையில் இந்தியக் குடும்பம் எதுவும் ஏற்காவிடிலே வெளிநாட்டார்க்கு இடமுண்டு. 5 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளையின் சம்மதமும் கேட்கப்பட வேண்டும். வெளிநாடு சென்ற பிள்ளையைப்பற்றி 2 ஆண்டுகள் அறிக்கை வரவேண்டும். வளர்ந்தபின் தன் வேரைத் தேடும் உரிமையும் அப்பிள்ளைக்கு உண்டு. இச்சட்டம் மதபேதமின்றி எல்லார்க்கும் உரியது. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இதன்வழித் தத்தெடுக்கலாம் என்பதை 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அக்காலை நடைமுறையிலிருந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தைப்பற்றி அது கூறியது, புதிய சட்டத்துக்கும் பொருந்தும்.

சட்டம் வேலை செய்ததற்கு எண்ணூர்க் கரையும் சாட்சி. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலை எண்ணூர் முதல் கன்னியாகுமரி வரையில் மீனவர் குப்பங்களைத் தாக்கிப் பல பிள்ளைகளைப் பெற்றோரற்றவர் ஆக்கியது. உடனே உலகின் பல பாகங்களிலிருந்தும் அப்பிள்ளைகளைத் தத்தெடுக்க விரும்புவோர் பலர் முன்வந்தனர். அவர்கள் இரக்கம் போற்றத்தக்கது. அரசாங்கமோ அவசரத் தத்தெடுப்புக்கு இடங்கொடாது, உறவினர் உள்ள பிள்ளைகளை உறவினரிடத்தும், ஏனையோரை நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் திறந்த அரசு இல்லங்களிலும் வைத்துப் பேணியது. குப்பத்திலே பாட்டியும் மாமனும் சித்தப்பனும் அயலாரும் பிள்ளைக்குத் திக்காவர் என்பதை அச்செயல் ஒப்புக்கொண்டது. துன்பம் பெரிதாயிருக்கும் வேளையிலேயே அவசரம் மிகுதியாகும். அவசரம் மிகும் வேளையிலேயே பிழையும் மிகும்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். விடுதிச் சுவருக்குள் வளர்வதைவிட, எந்தத் தேசத்திலாயினும் அன்புள்ள ஒரு குடும்பத்தில் வளர்தல் நன்றன்றோ? கடல் கடந்து சென்று கல்வியிலும் தொழிலிலும் சிறந்து மனநிறைவோடு வாழ்வோர் இல்லையோ? உண்டு; பலர் உண்டு. மெய்யாகவே எவருமற்ற பிள்ளைக்கு அந்நிய தேசத்துக் குடும்பமும் நற்பேறே. ஊனமுற்றும் வயது கடந்தும் இருத்தலால் இங்கே எவரும் ஏற்காத பிள்ளைகளை அன்போடு ஏற்ற வெளிநாட்டாரை நாம் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நாம் கூறுவது யாதெனில், புதுவாழ்வு கொடுப்பதற்குப் பழைய வாழ்வை அழிக்க வேண்டியதில்லை என்பதே. பெயரையும் தாயையும் ஊரையும் குறித்த பதிவு பிள்ளையின் சொத்து. அதனைக் காப்பவர் அதற்கு உடைமையாளர் அல்லர். 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசு நியமித்த குழு, இலங்கை உட்பட 5 நாடுகளிலிருந்து 1967 முதல் 1998 வரை நிகழ்ந்த தத்தெடுப்புகளை ஆராய்ந்து, பொய்ப் பத்திரங்களும் முறைகேடுகளும் மலிந்திருந்தன என்று வெளியிட்டது. அந்நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே அப்போது நிறுத்திவைத்தது. பதிவு பொய்த்தபோது நல்ல செயலும் நின்றுபோயிற்று. மெய்யாகவே குடும்பம் வேண்டிய பிள்ளைக்கும் அதனால் கதவடைந்தது.

இனி, இக்கலாசாலையைச் சேர்ந்த நாம் செய்யக்கூடியது என்ன? மாணவ நண்பர்களே, விடுமுறை நாட்களிலும் பிறந்தநாட்களிலும் விடுதிப் பிள்ளைகளுக்கு உணவும் ஆடையும் கொண்டு செல்லும் நல்வழக்கம் நம்மிடம் உண்டு. அடுத்த முறை செல்லும்போது, 'இங்குள்ளோருள் எத்தனை பேருக்குத் தாய் இருக்கிறாள்?' என்று பணிவோடு கேளுங்கள். தாய் உள்ளாளெனில், பிள்ளையை அவளிடமே வளர்ப்பதற்கு உதவும் வழிகள் உள. மத்திய அரசின் வாத்ஸல்யத் திட்டத்தின்படி தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வரை உதவித்தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். எழுதப்படிக்க அறியாத ஒரு தாய்க்கு அவ்விண்ணப்பத்தை நிரப்பித் தருவது ஒரு மாணவன் அரைமணி நேரத்திற் செய்யக்கூடிய தருமம். தனித்துத் திரியும் பிள்ளையைக் கண்டால், நல்ல மனத்தோடாயினும் நாமே ஒரு விடுதிக்கு அழைத்துச் செல்லாது 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தலே முறை. அப்பொழுதே அப்பிள்ளைக்கு ஒரு பதிவும் விசாரணையும் தொடங்கும்.

பழைய மாணவர்களுட் பலர் பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்துகின்றனர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சபைகளிலும் பள்ளிகளிலும் இல்லங்களிலும் பழைய சேர்க்கைப் புத்தகங்களும் ஞானஸ்நானப் பதிவேடுகளும் கடிதக் கட்டுகளும் அலமாரிகளில் கிடக்கின்றன. கடற்கரைக் காற்றின் ஈரமும் கறையானும் அவற்றை ஆண்டுதோறும் அரித்துவருகின்றன. எங்கோ ஒரு தேசத்தில், தமிழ் முகமும் தமிழ் அறியா நாவும் உடைய ஒருவர், தம் தாய் யாரென்று அறிய ஒருநாள் இங்கு வருவார். அவர் தேடும் விடை முழுதும் அப்புத்தகத்தின் ஒரே ஒரு வரியில் இருக்கலாம். அவ்வரியைக் காப்பாற்றி, படியெடுத்து, உரியவர் கேட்குங்கால் மறைக்காமற் காட்டுதல் நம் கடமையாம்.

திக்கற்றவருக்குத் தெய்வமே துணை என்பது நம் நாட்டுப் பழமொழி. அதனைச் சொல்லிக்கொண்டே, திக்கு உள்ள பிள்ளையை நாமே திக்கற்றதாக எழுதிவிடலாகாது. ஒரு பிள்ளையைக் கடல் கடந்து அனுப்ப நேருமாயின், அது புறப்பட்ட கரையின் பெயரும் அக்கரையில் நிற்பவளின் பெயரும் அதனோடு செல்லட்டும்.